பதினோராவது பெயர்

ஈரோடு மாவட்டத்தில் சொந்தமாக நான்கு தறி போட்டு ஓட்டும் ஒரு வாசகர், வயது 38, ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய மனைவி 2006-ல் 17 வயதில் மாமா குடும்பத்தோடு படகேறி தனுஷ்கோடி வந்து, மண்டபம் வழியாக நம் பக்கத்து முகாம் ஒன்றில் வளர்ந்தவர். அம்மா, அண்ணன், சித்தி குடும்பம் எல்லாம் இலங்கையில் வன்னியிலேயே நின்றுவிட்டார்கள். 2009-ல் மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம் என்று கரையோரமாக ஓடி ஓடி முள்ளிவாய்க்கால் சேர்வதற்குள் குடும்பத்தில் 10 பேர் ஷெல்லடியில் போய்விட்டார்கள், அதில் 4 குழந்தைகள். அண்ணனை 2008 கடைசியில் 'வீட்டுக்கு ஒருவர்' என்று இயக்கம் (விடுதலைப் புலிகள்) பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதத்தில் அவர் தப்பி வந்துவிட்டார். போர் முடிந்த மே 18 அன்று வட்டுவாகல் பாலம் தாண்டியதும், 'ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு அனுப்புவோம்' என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்தார். பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தார். அதோடு சரி. அந்த அம்மா, போரில் இருந்து வந்தவர்களை அடைத்துவைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்து, 2012-ல் விசாவில் இங்கே வந்து, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு மகளோடு இருக்கிறார். இப்போது 71 வயது. ஆறேழு மாதமாக மறதி.

அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு. மெனிக் பாமில் உட்கார்ந்து எழுதியது. 10 பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, இடம், யார் புதைத்தார்கள், புதைக்க முடியவில்லை என்றால் அதுவும். பதினோராவதாக மகன் பெயர்; எதிரே ஒன்றுமில்லை. ஒரு பழைய போனின் மெமரி கார்டும் இருக்கிறது.

வாசகரின் கேள்விகள் இவை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான வரும் மே 18 அன்று ஊர் மைதானத்தில் கஞ்சி ஊற்றி மெழுகுவத்தி ஏற்றலாமா, 'ஊபா' (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) பாயும் என்று நண்பர் பயமுறுத்துகிறாரே? குடும்பத்துக்கு 25,000 ரூபாயும் அசல் ஆவணங்களும் கொடுத்தால் ஹேக் நீதிமன்றத்தில் கேஸ் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறாரே? அண்ணன் பேரில் இருக்கும் காணியை மாற்ற இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள் கிளிநொச்சி உறவினர்கள், எடுத்தால் எல்லாம் முடிந்துபோகுமா? கொப்பியை லேமினேட் செய்யலாமா? ஃப்ளெக்ஸில் 11 பெயரும் போடலாமா? அத்தை (மனைவியின் அம்மா) 10 என்கிறார், மனைவி 11 என்கிறார், வீட்டில் இதைப் பேசினாலே அழுகை.

தம்பி, முதலில் லேமினேட் கடைக்குப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். நம்மூரில் ரேஷன் கார்டில் இருந்து பத்திரம் வரைக்கும் எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடுகிறோம், சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது, எந்தக் காலத்துத் தாள், எந்தப் பேனா என்று சோதிக்கும் வழியும் அடைபட்டுவிடும். கிழிந்த ஓரத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். மங்கிய எழுத்தின் மேல் புதுப் பேனாவால் எழுதாதீர்கள், அத்தையே எழுதுகிறேன் என்றாலும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள் உறையில் போட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். நான் 26 வருடமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன். சாட்சி இல்லாமல் போன வழக்கை விட, இருந்த சாட்சியை வீட்டுக்காரர்களே ஆசையாகக் கெடுத்துவைத்த வழக்குகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கஞ்சி ஊற்றுவது குற்றமா?

இல்லை. போரில் செத்த பொதுமக்களுக்காக விளக்கேற்றுவதும் கஞ்சி கொடுப்பதும் இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு 1992-ல் இருந்து தடை இருக்கிறது, 2024 மே மாதம் அதை இன்னும் 5 ஆண்டுக்கு நீட்டித்தார்கள், அது வேறு விஷயம். ஊபா சட்டத்தின் 39-ஆவது பிரிவு, தடை செய்யப்பட்ட அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கத்தோடு ஆதரவு திரட்டுவதைத்தான் குற்றம் என்கிறது. இதே மாதிரிப் பிரிவு முன்பு இருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவிலும் இருந்தது. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பரிசீலித்தபோது, அந்த நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று தெளிவாகச் சொன்னது. ஆகவே அந்த இயக்கத்தின் கொடி, சின்னம், தலைவர் படம், அதன் பேரில் வசூல், இதெல்லாம் உங்கள் நிகழ்ச்சியில் இருக்கக் கூடாது. யாராவது ஒரு இளைஞர் ஆர்வத்தில் டீ ஷர்ட்டில் போட்டுக்கொண்டு வந்தாலும் பக்குவமாகச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் நண்பர் பயப்படுவதிலும் காரணம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2017 மே மாதம் மெரினாவில் மெழுகுவத்தி ஏற்றப் போன மே பதினேழு இயக்கத்தினர் கைதாகி, அதில் சிலர் மேல் குண்டர் சட்டம் போடப்பட்டது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்பது உண்மை, அதுவரை ஏறத்தாழ நான்கு மாதம் அவர்கள் சிறையில் இருந்ததும் உண்மை. சட்டம் நம் பக்கம் இருக்கும், அலைச்சலும் நம் பக்கம்தான் இருக்கும்.

அதனால் மைதானம் வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மாவட்டங்களில், கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன் அனுமதி கேட்கும் போலீஸ் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது என்று சொல்லித்தான் மறுப்பார்கள். மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்ய முடியாது. எழுத்தில் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் (ஈரோடு, கோவை, திருப்பூர் எல்லாம் சென்னைதான், கரூர் மட்டும் மதுரைக் கிளை). என்னைக் கேட்டால், முதல் வருடம் ஒரு சின்ன மண்டபத்துக்குள் வையுங்கள், ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் கடிதம் மட்டும் கொடுத்தால் போதும். வெளியே ஃப்ளெக்ஸ் வைக்கத் தனி அனுமதி வேண்டும், அதையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. கூடுவதற்கும் பேசுவதற்கும் அரசியல் சாசனம் 19-ஆவது பிரிவில் தரும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். அத்தைக்கோ முகாம்காரர்களுக்கோ அது கிடையாது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-ஆவது பிரிவும், சமத்துவத்துக்கான 14-ஆவது பிரிவும்தான் அவர்களைக் காக்கும். அதனால் விண்ணப்பம், மண்டப ரசீது, நோட்டீஸ் எல்லாம் உங்கள் பெயரிலும், உங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் பெயரிலும் இருக்கட்டும். முகாமில் இருந்து வருகிறவர்கள் அன்றைக்கு அங்கே ஆள் கணக்கெடுப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு வரட்டும். அத்தையின் பதிவுச் சீட்டு நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று 2025-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அது குடியுரிமை ஆகாது, ஆனால் அத்தையின் தூக்கத்துக்கு உதவும், சொல்லுங்கள்.

'நம்மூருக்கு எதுக்குங்க இந்த வேலை' என்று உங்கள் பெரியப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் படுகளத்தைப் பற்றிக் கேளுங்கள். அண்ணன்மார் சாமி கோவிலில் களத்தில் விழுந்தவர்களுக்காகக் கூட்டமாக உட்கார்ந்து அழுகிற வழக்கம் நம் கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, அந்த அழுகைக்கு எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்டதில்லை.

ஹேக் வழக்கு என்று பணம் கேட்பவர்

ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அசல் ஆவணம் ஒன்றும் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் அத்தை கையெழுத்துப் போட்டிருந்தால் உடனே எழுத்தில் திரும்பக் கேளுங்கள்.

ஹேக்கில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் தனிமனிதர் கேஸ் போட முடியாது. யார் வேண்டுமானாலும் அதன் வழக்குத்தொடுநருக்குத் தகவல் அனுப்பலாம், அதற்குக் கட்டணமே இல்லை. பெரிய தடை எங்கே என்றால், அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இலங்கையே ஒப்புக்கொள்ள வேண்டும். சரி, மியான்மரும் உறுப்பு நாடு இல்லையே, ரோஹிங்கியா வழக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அந்த மக்கள் ஓடிவந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பு நாடு, அதனால் நாட்டை விட்டு விரட்டிய குற்றத்தையாவது விசாரிக்கலாம் என்று 2018-ல் அந்த நீதிமன்றம் சொன்னது. நம் கடற்கரையில் வந்து இறங்கியவர்களுக்கு அந்தக் கதவும் திறக்காது, ஏனென்றால் இந்தியாவும் சேரவில்லை. இதை எழுதும்போது எனக்கே நெஞ்சு கனக்கிறது.

இந்தியாவிலேயே கேஸ் போட முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். 1960-ல் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் என்று ஒன்று இயற்றினார்கள், வெளிநாட்டில் வெளிநாட்டவர் செய்த குற்றத்தையும் அது தொடும். ஆனால் அது நாடுகளுக்கு இடையிலான போரை மனதில் வைத்து எழுதியது, அதோடு அரசாங்கம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் கையில் எடுக்க முடியும் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களும் நானும் கொடுக்க முடியாது.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடக்கிறது, மெதுவாக, நமக்குப் பொறுக்காத மெதுவில். 2011-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012-ல் ஐ.நா.வின் உள் ஆய்வு, 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்று சொல்லும் தகவல்கள் இருக்கின்றன என்றது. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை 46/1 தீர்மானம் போட்டு, எதிர்கால வழக்குகளுக்காகச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஜெனீவாவில் ஒரு தனிப் பிரிவை உண்டாக்கியது. அதை 2022, 2024, 2025 என்று நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். அந்தப் பிரிவு யாரையும் கைது செய்யாது, ஆனால் ஏதாவது ஒரு நாட்டில் ஒரு அரசு வழக்கறிஞர் ஒரு தளபதி மேல் வழக்கு எடுக்கும்போது தேவைப்படும் சாட்சியங்கள் அங்கே இருக்கும். பிரிட்டன் 2025 மார்ச்சில் சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய மூன்று முன்னாள் தளபதிகள் மேலும், புலிகளிடமிருந்து பிரிந்துபோன கருணா மேலும் தடை விதித்தது. கனடா 2023-ல் முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்த, கோத்தபய இருவர் மேலும் விதித்தது. தண்டனை என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ சொன்ன சாட்சியம் இல்லாமல் இந்த அளவும் நடந்திருக்காது.

உங்கள் குடும்பத்துக்கு நேரடியாகப் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. பணிக்குழு என்று ஜெனீவாவில் உண்டு. தாயோ தங்கையோ ஒரு படிவம் நிரப்பி அனுப்பலாம், கட்டணம் இல்லை. அவர்கள் இலங்கை அரசிடம் 'இந்த ஆள் எங்கே' என்று கேட்டு, பதில் கிடைக்கும்வரை கோப்பைத் திறந்தே வைத்திருப்பார்கள். குற்றவாளி யார் என்று சொல்ல மாட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்திலும் தேடல் கோரிக்கை பதியலாம். இரண்டுக்கும் நான் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

அத்தை சொல்லப்போவதை எப்படிப் பதிவது

இதுதான் அவசரம். மறதி தொடங்கிவிட்டது என்கிறீர்கள், மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் அவரிடம் கேளுங்கள், சொல்ல விருப்பமா என்று. சொன்னால் அது யார் கைக்குப் போகலாம், பெயர் வரலாமா, முகம் வரலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, அந்தச் சம்மதத்தையே முதலில் பதியுங்கள். பிறகு அவரை அவர் போக்கில் பேச விடுங்கள். 'அப்போ ஆயிரம் பேர் செத்தாங்களா?' என்று எண்ணிக்கையை நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. 'அப்புறம் என்ன ஆச்சு?' போதும். முடிந்தால் பயிற்சி உள்ள ஒருவர் ஒரே தடவையில் விரிவாகக் கேட்பது நல்லது. திரும்பத் திரும்பக் கேட்டால் அவருக்கும் ரணம், ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன வித்தியாசம் வரும், எதிர் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். நடுவில் அழுதால் வீடியோவை வெட்டாதீர்கள், நிறுத்திய நேரத்தைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். உங்கள் மனைவி பக்கத்தில் இருக்கட்டும், கேள்வி கேட்பவராக இருக்க வேண்டாம். இது எந்த மகளும் தாங்கக் கூடிய வேலை அல்ல.

வட்டுவாகலில் நடந்ததை மட்டும் நுணுக்கமாகக் கேட்க வேண்டும். எத்தனை மணி, பஸ் என்ன நிறம், அரசு பஸ்ஸா, சீருடையில் என்ன அடையாளம், பேர் எழுதியவர் தமிழில் பேசினாரா, கூட ஏறியவர்கள் யார், அண்ணன் என்ன சட்டை, காலில் செருப்பு இருந்ததா. சட்டை எதற்கு என்று தோன்றும். யாழ்ப்பாணம் செம்மணியில் புதைகுழி இருக்கிறது என்று ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னது 1998-ல். 1999-ல் 15 உடல்கள் எடுத்தார்கள். 2025-ல் சுடுகாட்டு வேலைக்காகத் தோண்டியபோது அதே செம்மணியில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, ஒரு பள்ளிப் பையும் விளையாட்டுப் பொம்மையும்கூட. அந்தப் பொருட்களை மக்கள் முன் வைத்து, அடையாளம் தெரிகிறதா பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அத்தனை வருடம் கழித்தும் ஒரு சட்டைத் துண்டு பேசும், அதை அடையாளம் சொல்ல ஒரு தாயின் வார்த்தை பதிவாகி இருந்தால்.

மெமரி கார்டை எந்த போனிலும் போட்டுப் பார்க்காதீர்கள், 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டு ஒரு விரல் தட்டினால் போயிற்று. கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம், எழுத முடியாதபடி பூட்டிய அடாப்டரில் போட்டு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி அழிந்துவிடும். அந்த போன் யாருடையது, கார்டு யார் கையில் இருந்து யார் கைக்கு எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவையுங்கள். எதையும் முகநூலில் போடாதீர்கள். வன்னியில் இருக்கும் உறவினர் வீட்டுக் கதவைப் புலனாய்வுக்காரர் தட்ட அது போதும். திருகோணமலை சம்பூரில் 2024 மே மாதம் கஞ்சி கொடுத்ததற்கே மூன்று பெண்கள் உட்பட நான்கு பேரைக் கைது செய்தார்கள்.

அண்ணனை இயக்கம் பிடித்துப்போனதைச் சொல்ல வேண்டாம் என்று உறவினர்கள் தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். சொல்ல வேண்டும் தம்பி. கட்டாய ஆள்பிடிப்பு, பிள்ளைகளைச் சேர்த்தது, தப்பி ஓடியவர்களைச் சுட்டது, எல்லாம் ஐ.நா. அறிக்கையிலேயே இயக்கத்தின் குற்றமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் மீதி சாட்சியத்தையும் நம்ப மாட்டார்கள், அத்தைக்கு நடந்த அநியாயத்தில் பாதியை நாமே அழித்ததாகவும் ஆகும். இயக்கத்தில் இருந்தவர் என்றால் கேட்க உரிமை இல்லை என்று நினைப்பதும் தவறு. ஆயுதம் இல்லாமல் சரணடைந்தவரைக் கொல்வதும் மறைப்பதும் போர்ச் சட்டத்தில் குற்றம்தான். அவர் ஒரு நாள் இருந்தாரா, பத்து வருடம் இருந்தாரா என்பது அதை மாற்றாது.

இறப்புச் சான்றிதழும் பதினோராவது பெயரும்

இலங்கையில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போரில் காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம். எடுத்துவிட்டால் குற்ற வழக்கு செத்துப்போகும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் கோப்பை மூட ஒரு சாக்காக ஆகும் என்று தாய்மார் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணம் மிருசுவிலில் 2000-ஆம் ஆண்டு ஒரு 5 வயதுக் குழந்தை உட்பட 8 பேரைக் கொன்ற வழக்கில், 15 வருடம் கழித்து ஒரே ஒரு சிப்பாய்க்குத் தண்டனை கிடைத்தது, 2020 மார்ச்சில் அவருக்கும் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தார். இதைப் பார்த்த தாய் எந்தத் தாளை நம்புவார்?

வேறு வழி இருக்கிறது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, 'இறந்தார்' என்று சொல்லாமல் 'காணவில்லை' என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காணி, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு அதை வைத்து விண்ணப்பிக்கலாம், 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கிளிநொச்சி உறவினர்களிடம் இதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டே செய்யட்டும், காணிச் சட்டம் எனக்கு அந்த நாட்டில் கைவராது.

ஃப்ளெக்ஸில் 'கொல்லப்பட்டோர் 1,46,679' என்று தலைப்புப் போட்டு மாதிரி அனுப்பியிருந்தீர்கள். மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011-ல் இலங்கையின் விசாரணை ஆணைக்குழு முன் கொடுத்த எண் அது. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059, அரசு பக்கம் வந்து சேர்ந்தவர்கள் 2,82,380, மீதி எங்கே என்று அவர் கேட்டார். கணக்கில் வராதவர்கள் என்று போடுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை, அந்தக் கேள்வியை நாமே பதிலாக மாற்றிவிடக் கூடாது.

உங்கள் வீட்டுச் சண்டைக்கும் இதையேதான் சொல்வேன். அண்ணன் படத்துக்கு அத்தை மாலை போட்டதில்லை, பொட்டு வைத்ததில்லை, சாமி மாடத்துக்குப் பக்கத்திலும் வைக்காமல் டிவி மேலேதான் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 10 பெயரை வயதோடும் இடத்தோடும் ஒரு பட்டியலாகப் போடுங்கள், கொப்பியில் இருக்கிற எழுத்துப்படியே, யாரும் திருத்தாமல். கொஞ்சம் இடம் விட்டு, கீழே தனியாக அண்ணன் பெயர், '18.5.2009, வட்டுவாகல், இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டார்'. அவ்வளவுதான். 10 மெழுகுவத்தி. அந்த மாதிரியை அச்சடிக்கும் முன் உங்கள் மனைவியையும் அத்தையையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுங்கள். காலையில் காட்டுங்கள், மாலையை விடக் காலையில் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்.